மஞ்சள் இலையும் வெந்த வேரும்: பிடோக் மாடிச் செடிகளின் குறைகளைக் கண்டறிவது எப்படி

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் நடைவழியில் நடந்தாலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியாவது கண்ணில் படும். அதன் பக்கத்தில் சீனப் புத்தாண்டு முடிந்ததும் தூக்கிப் போடாமல் யாரோ காப்பாற்றிய கலமான்சி எலுமிச்சை, ஒரு பாண்டான் புதர், சில்லி பாடி மிளகாய், துளசி, கற்பூரவள்ளி என்று வரிசை நீளும். கொஞ்சம் நின்று பார்த்தால் இவற்றில் பல நலமாக இல்லை என்பது தெரியும். துளிர் வெளிறியிருக்கும். அடியிலை விளிம்பு கருகியிருக்கும். மிளகாய் பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. வீட்டுக்காரர்களின் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: உரம். ஒருமுறை போட்டுக் குணமாகவில்லை என்றால் இன்னொருமுறை.

இந்த மருந்து ஏன் அடிக்கடி தோற்றுப்போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடோக் போன்ற இடத்தில் தொட்டிச் செடியின் இலை காட்டும் சத்துக்குறை, பல நேரம் தொட்டியில் சத்து இல்லாததால் வந்ததல்ல. இருக்கிற சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. சூடு, தேங்கிய நீர், படிந்த உப்பு, மண்ணின் அமில காரத் தன்மை ஆகிய நான்கில் ஒன்றோ பலவோ வேரை முடக்கியிருக்கும். இலையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இலையோடு நின்றுவிட்டால் தவறான பையைத்தான் பிரிப்போம்.

இலையைப் படிக்கும் கலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் வான் லீபிக் 1840இல் வெளியிட்ட நூலின் வழியாகவே தாவரங்கள் கனிமச் சத்துகளை உண்டு வாழ்கின்றன என்ற கருத்து உலகெங்கும் பரவியது. எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியின் எல்லையை முடிவு செய்யும் என்ற விதி அவர் பெயரால் அறியப்பட்டாலும், கார்ல் ஸ்ப்ரெங்கல் அதை அதற்கு முன்பே சொல்லியிருந்தார். 1939இல் ஆர்னன், ஸ்டௌட் என்ற இரு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஒரு தனிமத்தை எப்போது இன்றியமையாதது என்று சொல்லலாம் என வரையறுத்தார்கள். இன்று அந்தப் பட்டியலில் 17 தனிமங்கள் உள்ளன. கடைசியாகச் சேர்ந்த நிக்கல் 1987இல்தான் உறுதியானது. இலைக்குறி பார்க்கும் முறைக்கு உருவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் வாலஸ். போர்க்காலத்தில், 1943இல், ஒவ்வொரு சத்தும் குறையும்போது இலை எப்படி மாறுகிறது என்பதை வண்ணப் படங்களாக அவர் வெளியிட்டார். இன்று கைப்பேசியில் நாம் பார்க்கும் சத்துக்குறைப் படங்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தொகுப்பை மூதாதை என்று சொல்லலாம்.

இந்த முறையின் அடித்தளம் எளிமையானது, அழகானது. சில சத்துகளைச் செடியால் இடம் மாற்ற முடியும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை அப்படிப்பட்டவை. தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து இவற்றை உருவித் துளிருக்கு அனுப்பும். அதனால் குறி முதலில் அடியிலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை ஒருமுறை ஓரிடத்தில் சேர்ந்தால் அவ்வளவாக நகர்வதில்லை. இவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், துளிர்தான் வாடும். ஆகவே உடம்பு சரியில்லாத செடியின் முன்னால் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி, குறி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே. நிறத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

நம் நடைவழிச் செடிகளிலேயே இதைப் பார்க்கலாம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், குறைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வரும். புதிய இலையில் நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகி, முற்றினால் தந்தம்போல வெளுத்துவிட்டால் அது இரும்பு. நரம்பை ஒட்டிய பச்சைப் பட்டை அகலமாகவும் எல்லை மங்கலாகவும் இருந்தால் மாங்கனீசைச் சந்தேகிக்கலாம். இலை சிறுத்து, குறுகி, கணுவும் கணுவும் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகம். கலமான்சியின் பழைய இலையில் ஓரமெல்லாம் மஞ்சளாகி, காம்பருகே தலைகீழ் ‘வி’ வடிவில் பச்சை மிஞ்சியிருந்தால் மக்னீசியம் குறைந்திருக்கிறது. அடியிலை முழுக்க நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. அடியிலையின் விளிம்பும் நுனியும் தீய்ந்ததுபோல் பழுப்பாவது சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். உப்பு மிகுந்ததாகவும் இருக்கலாம். இந்த ‘இருக்கலாம்’ என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வாலஸின் படங்கள் ஆப்பிள், உருளைக்கிழங்கு, கோசு வகைகளைப் பற்றியவை, குளிர்ந்த மண்ணில் விளைபவை. அவர் வழி வந்த குறிப்புகளில் வரும் பாத்திகளும் கண்ணாடிக் கூடங்களும் மிதவெப்ப நாடுகளுக்கு உரியவை. வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்ப்பது பற்றி இன்று கிடைக்கும் விளக்கங்களில் கணிசமானவை கனடாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் அந்தச் செடியைப் பயிரிடுவது 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கடும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அந்தக் குறிப்புகள் இங்கே வந்து சேர்வது கறிவேப்பிலைக்கும் கீரைக்கும்தான். குளிரில் சூடேற்றப்படும் நிலவறையை மனத்தில் வைத்து எழுதியதை, இரவிலும் வியர்க்கும் பிடோக் வீட்டில் அப்படியே பொருத்தினால் நோய்க்குறி பிசகிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம் கொள்வதை அந்தக் குறிப்புகள் மணிச்சத்துக் குறை என்கின்றன, கூடவே குளிரும் காரணம் என்கின்றன. குளிர்ந்த வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறும் என்பதால் அங்கே அது சரி. இங்கே குளிர் கிடையாது. கறிவேப்பிலை பனிக்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். பிடோக்கில் அது இலை உதிர்த்தால் ஓய்வெடுக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. வேரைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் வெப்பத்தை உயர்ந்தபட்ச எண்ணைக் கொண்டு மட்டும் புரிந்துகொள்ள முடியாது. இதுவரை பதிவான உச்சம் 37 பாகை செல்சியஸ்: 1983 ஏப்ரலில் தெங்காவில், மறுபடி 2023 மே 13 அன்று அங் மோ கியோவில். சென்னையில் வளர்ந்தவருக்கு இது பெரிய எண்ணே அல்ல. இந்த நகரத்தின் தனித்தன்மை இரவில் இருக்கிறது. பதிவான மிகக் குறைந்த வெப்பமே 19 பாகையை ஒட்டியதுதான். சாதாரண இரவின் குறைந்தபட்சம் 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. பகலில் சூடேறிய கான்கிரீட் சுவர் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுப்பதால் மூடிய நடைவழியில் இன்னும் ஒன்றிரண்டு பாகை கூடும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு அருகில்.

செடியும் இரவில் மூச்சுவிடுகிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அந்த மூச்சின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். பகலில் சேர்த்த சர்க்கரையைச் சூடான இரவு எரித்துத் தீர்த்துவிடும். ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த நடைவழியில் இருக்கும் செடிக்கு இது வருமானம் குறைந்து செலவு கூடிய நிலை. தக்காளியும் குடைமிளகாயும் இங்கே பூத்துப் பூத்து உதிர்வதற்கு இதுவே முதல் காரணம். இரவு வெப்பம் 24 பாகைக்கு மேல் நீடித்தால் அவற்றின் மகரந்தம் செயலிழக்கத் தொடங்கும். போரான் தெளித்தும் சாம்பல் சத்து கூட்டியும் காய் பிடிக்க வைக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். செடிக்கு அங்கே எந்தச் சத்தும் குறையவில்லை, அந்த இனம் இந்த இரவுக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். அதே தொட்டியில் சில்லி பாடி வைத்தால் காய்த்துத் தள்ளும்.

பகல் வெப்பம் வேறுவிதமாகத் தாக்குகிறது, அதுவும் இலையைவிட வேரைத்தான். மேற்குப் பார்த்த நடைவழியில் பிற்பகல் இரண்டு மணி முதல் வெயில் சாய்வாக உள்ளே விழும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் மண் 40 பாகையைத் தாண்டுவது எளிது. பெரும்பாலான செடிகளின் வேர் 30 பாகைக்கு மேல் தளரத் தொடங்கும், 40ஐ நெருங்கும்போது நுனிவேர் சாகும். தரையில் வளரும் மரத்தின் வேர் ஒருபோதும் காணாத சூடு இது. நுனிவேர் செத்தால் முதலில் தடைப்படுவது சுண்ணாம்புச் சத்தும் இரும்பும். இரண்டும் பெரும்பாலும் இளம் வேர்நுனி வழியாகவே உள்ளே போகின்றன. அப்புறம் துளிர் மஞ்சளாகும். நாம் அதைப் பார்த்து இரும்பு போடுவோம். தொட்டியைச் சுவரோரமாக ஓரடி நகர்த்தினாலோ, வெளிர்நிறத் தொட்டிக்குள் அதை இறக்கி வைத்தாலோ போதுமானதாக இருந்திருக்கும்.

வீவக வீடுகளுக்கே உரிய இன்னொரு வெப்ப ஊற்று குளிரூட்டியின் வெளிப்புறப் பெட்டி. இடம் இல்லாததால் பலர் அதன் எதிரிலோ மேலேயோ தொட்டி வைக்கிறார்கள். அது இரவெல்லாம் ஊதும் சூடான வறண்ட காற்றில் இலை நுனியும் விளிம்பும் காய்ந்து, சாம்பல் சத்துக் குறைபோலவே தோன்றும். வேறுபாடு காண்பது எளிது. சத்துக்குறை என்றால் செடியைச் சுற்றி எல்லாப் பக்கத்து அடியிலைகளிலும் ஒரேபோல் தெரியும். காற்றடிப்பது என்றால் ஒரு பக்கம் மட்டும் கருகும்.

இனி தண்ணீர். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவு இது. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று சாரலை நடைவழிக்குள்ளேயே கொண்டுவந்துவிடும். தொட்டி மண் வாரக்கணக்கில் காயாது. ஈரம் தானாகத் தீங்கு செய்வதில்லை, மண்ணிடையே காற்று இல்லாமல் போவதே தீங்கு. 20 பாகை நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 பாகை நீரில் ஏழரைதான். அதே 30 பாகையில் வேருக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ ஏறத்தாழ இரு மடங்கு. குளிர்நாட்டில் சற்று அதிகமாக ஊற்றிய தண்ணீரைச் செடி பொறுத்துக்கொள்ளும், இங்கே பொறுக்காது. வெந்த வேரில் பித்தியம் போன்ற வேரழுகல் நுண்ணுயிர்கள் எளிதாகக் குடியேறும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேங்கவிடுவதை ஏடிஸ் கொசுவுக்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கண்டிப்பதை எல்லாரும் அறிவோம். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே அறிவுரைதான்.

வேரின் வெப்பமே தலையாயது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் சில இந்தத் தீவிலேயே நடந்தவை என்பதை நம்மில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். தேசியக் கல்விக் கழகத்தின் பேராசிரியர் லீ சிங் கொங்கும் அவருடைய சக ஆய்வாளர் ஹெ ஜியேயும், 1990கள் தொட்டு, சாலட் கீரையின் வேரை மட்டும் 20 பாகை அளவுக்குக் குளிர்வித்து, இலையை வெப்பமண்டலக் காற்றிலேயே விட்டு வளர்த்துப் பார்த்தார்கள். வேருக்கு மண் கிடையாது. சத்துநீரைப் பனிப்புகைபோல வேரில் தெளிக்கும் முறை. இலைக்கு மேலே வெயில் 30 பாகையைத் தாண்டி அடித்தபோதும் கீரை நன்றாக வளர்ந்தது. குளிர்விக்காத வேரோடு வளர்ந்தவை தளர்ந்தன. லிம் சூ காங்கில் இதே முறையில் ஒரு வணிகப் பண்ணையும் உருவானது. இலை என்ன வெப்பத்தில் இருக்கிறது என்பதைவிட வேர் என்ன வெப்பத்தில் இருக்கிறது என்பது சத்து எடுப்பைத் தீர்மானிக்கிறது என்ற அந்தப் பாடம், மண்ணில் வளரும் நம் தொட்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். வீட்டில் நீர்வளர்ப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நண்பகலில் சத்துநீரில் மிதக்கவிடுகிறார்கள். எளிய வழி, ஆனால் அறிவியல் சரியானது.

நீர்வளர்ப்பில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று கீரையின் நுனிக்கருகல். இளம் இலையின் ஓரம் கருத்துச் சுருங்கும். அது சுண்ணாம்புச் சத்துக் குறை என்று எந்தப் படமும் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் சத்துநீரில் சுண்ணாம்புச் சத்து நிறையவே இருக்கும். அது இலைக்கு ஏறுவது நீராவிப்போக்கின் இழுப்பில்தான். காற்று அசையாமலும் ஈரம் மண்டியும் இருக்கிற அறையில் உள்மடிந்த இளம் இலையிலிருந்து நீர் ஆவியாவதில்லை, இழுப்பும் இல்லை. மருந்து ஒரு சிறு மின்விசிறி. சத்துநீரில் இன்னும் உப்பைக் கரைத்தால் நிலைமை மோசமாகும்.

மண்ணுக்கு வருவோம். பிடோக்கின் தரை பழைய வண்டல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் களிமணல். அதன் குன்றுகளை வெட்டித்தான் 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்கு மண் கொண்டுபோனார்கள். பிடோக் நீர்த்தேக்கமே முன்பு மணல் தோண்டிய குழி, 1986இல்தான் அது நீர்த்தேக்கமானது. இங்கே காடு சேர்த்துவைத்த மேல்மண்ணை எதிர்பார்க்க முடியாது. நம் தொட்டிகளில் இருப்பதெல்லாம் பையில் வாங்கியது. அதில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக அழுத்தப்பட்டு வருவது. நீரைப் பிடித்துவைப்பதில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். நன்றாகக் கழுவிப் பதப்படுத்தாத கட்டியில் அந்த உப்பு அப்படியே இருக்கும். அது போதாதென்று, நார் தன்னிடம் உள்ள பொட்டாசியத்தை வெளியே விட்டு, நாம் போடும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புது நார்க்கழிவில் நட்ட மிளகாய் முதல் மாதத்திலேயே மக்னீசியக் குறி காட்டுவது இதனால்தான். தோட்டப் பண்ணைகள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய பிறகே பயன்படுத்துகின்றன. வீட்டில் குறைந்தது இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசிப் பிழிய வேண்டும்.

எங்கள் புளோக்கில் இரண்டு மாடி மேலே இருக்கும் அத்தை ஒருவர் மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார்: “தம்பி, கோழி எரு ரெண்டு தடவ போட்டுட்டேன்பா. கருவேப்பில இன்னும் வெளுத்துக்கிட்டே போகுது. இன்னொரு பை வாங்கட்டுமா?” போய்ப் பார்த்தேன். பழைய இலைகள் கரும்பச்சை. துளிர் மட்டும் வெளிர் மஞ்சள், நரம்பு பச்சை. மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு. தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை உருவினால் அடியில் பழுப்பாகிக் குழைந்த வேர், மேலே மட்டும் கொஞ்சம் வெள்ளை வேர். சத்து ஏராளமாகக் கிடந்தது. கோழி எருவில் மணிச்சத்து மிகுதி. அது மண்ணில் கூடக் கூட இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்கவிடாது. பொருக்காகப் படிந்த உப்பு வேரிடமிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அவர் மூன்றாவது பை வாங்கியிருந்தால் செடி போயிருக்கும். குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டோம். அழுகிய வேரை நறுக்கி, வடிகால் நல்ல கலவையில் மாற்றி நட்டோம். நடைவழியில் இதைச் செய்தால் கீழ்வீட்டுத் துணி நனையும் என்பதால்தான் மாடி வாழ்க்கையில் தொட்டி மண் ஒருபோதும் நன்றாகக் கழுவப்படுவதில்லை. தட்டு நிரம்பாத அளவுக்கு அளந்து அளந்து ஊற்றுகிறோம், உப்பு வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

குழாய் நீரும் இதில் பங்கேற்கிறது. சிங்கப்பூரின் குழாய் நீர் சற்றே காரத்தன்மை கொண்டது. குழாய் அரிக்காமல் இருக்க அப்படித் திருத்தப்படுகிறது. கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள். வாளியில் ஓரிரவு வைத்தால் போய்விடும் என்ற பழைய வழக்கம் குளோரினுக்குப் பொருந்தும், குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. செடிக்கு அந்த அளவு பெரிய கேடும் அல்ல. காரத்தன்மைதான் மெல்ல மெல்ல வேலை செய்கிறது. மண்ணின் பிஎச் 7ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் 6 முதல் 6.5 வரையிலான சற்றுப் புளிப்பான மண்ணைத்தான் விரும்புகின்றன. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் பழக்கம் இந்தச் செடிகளுக்கு எதிர்த்திசையில் இழுப்பது.

நம் பாட்டிமார் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றியதில் காரணம் உண்டு. மோரின் அமிலம் மண்ணின் மேற்பகுதியைச் சிறிது புளிப்பாக்கி, அங்கே கட்டிக் கிடக்கும் இரும்பைக் கொஞ்சம் இளக்கும். ஊரில் தரையில் நின்ற மரத்துக்கு அது போதும். காற்றோட்டமில்லாத சிறு தொட்டியில் மோர் நாறும், ஈ மொய்க்கும், அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வரும். நன்கு நீர் கலந்து, உப்புச் சேர்க்காத மோராக, எப்போதாவது ஊற்றலாம். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பயன் இல்லை, துருவில் உள்ள இரும்பு கரையாத இரும்பு. உண்மையில் இரும்புதான் வேண்டுமென்றால் செலேட் (கரிமச் சேர்மத்தோடு பிணைத்த) வடிவில் வாங்க வேண்டும், வாங்கும்போது பெயரைப் பார்க்க வேண்டும். இடிடிஏ என்று போட்டது பிஎச் 6.5 வரையில்தான் தாங்கும். டிடிபிஏ ஏழரை வரை நிற்கும். காரம் மிகுந்த மண்ணில் இடிடிஹெச்ஏ ஒன்றே வேலை செய்யும், விலையும் அதற்கேற்ப இருக்கும். மலிவான முதல் வகையைக் கார மண்ணில் ஊற்றிவிட்டு இரும்பு பலிக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் பலர்.

வெளிச்சத்தை நாம் மிகையாக மதிப்பிடுகிறோம். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால், சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியுள்ள மேசை நமக்கு வெளிச்சமாகத் தெரியும். செடிக்கு அது சன்னலோர ஒளியில் ஒரு சிறு பங்குதான். ஒளி போதாத செடி நெடுநெடுவென்று வளர்ந்து, இலை வெளிறி, அடியிலை உதிர்க்கும். இதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா போட்டால் இன்னும் நெடுத்துச் சாயும். எல்இடி விளக்கின் கீழே வளர்ப்பவர்களுக்கு இதற்கு நேரெதிர் ஆபத்து: விளக்குக்கு மிக அருகில் உள்ள உச்சி இலை மட்டும் வெளுக்கும், இலை ஓரங்கள் மேல்நோக்கி மடியும். கீழிலைகள் நல்ல பச்சையாக இருந்து விளக்கின் நேர்கீழ்ப் பகுதி மட்டும் வெளுத்திருந்தால் இரும்பைத் தேட வேண்டாம், விளக்கை உயர்த்தினால் போதும். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட புகைமூட்ட நாள்களைப் போன்ற காலத்தில் ஒளி மங்குவதும் இலையில் படியும் தூசியும் சேர்ந்து செடியைத் தளர்த்தும். அப்போது தேவை இலையைக் கழுவிவிடுவது மட்டுமே.

பூச்சியையும் மறக்கக் கூடாது. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் சிலந்தி என்பதைத் தமிழ்நாட்டு மிளகாய் விவசாயி கேட்ட உடனே சொல்வார். மாடித் தோட்டக்காரர்களில் பலர் இரண்டையும் சுண்ணாம்புச் சத்துக் குறை என்று நம்புகிறார்கள். இலையைத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்ப்பது எந்தச் சத்துப் பரிசோதனைக்கும் முந்தியது.

இத்தனைக்கும் பிறகு, வீட்டிலேயே நம்பத்தக்க நோய்க்கணிப்புக்கு என்ன வழி? என் அனுபவத்தில் பயன்பட்ட வரிசை இது. முதலில் தொட்டியைத் தூக்கி எடை பார்ப்பது. நீர் ஊற்றி மூன்று நாளாகியும் கனமாகவே இருந்தால் சிக்கல் வேரில். பிறகு வேர்க்கட்டியை உருவிப் பார்ப்பது. வெள்ளையாகவும் திடமாகவும் இருக்கிற வேர் நலம். பழுப்பாகி, கிள்ளினால் தோலுரிந்து, சாக்கடை வாடை வீசினால் எந்த உரமும் வேண்டாம். அடுத்து, பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறை வெப்பமானியை மண்ணில் இரண்டு அங்குலம் செருகிப் பார்ப்பது. இந்த ஓர் எண் பல வீடுகளில் புதிரை அவிழ்த்துவிடும். அதன் பிறகு உப்பு. நன்றாக நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, மேலே 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, அடியில் முதலில் வழிவதைப் பிடித்து, மின்கடத்துதிறன் மானியாலும் பிஎச் மானியாலும் அளக்க வேண்டும். சென்டிமீட்டருக்கு 3 மில்லிசீமன்ஸைத் தாண்டினால் உப்புச் சுமை, 1க்கும் குறைவென்றால் செடிக்கு உண்மையிலேயே பசி. அப்போது உரம் போடலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இலை குறி காட்டினால்தான் அந்தந்தச் சத்தைத் தேட வேண்டும். அதிலும் செடி முழுக்கத் தெளிக்காமல் ஒரு கிளையில் மட்டும் சோதிப்பது நல்லது. தமிழ்நாட்டில் செய்வதுபோல் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியோடு (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து நூல் கட்டி அடையாளம் வைக்கலாம். ஓரிரு வாரத்தில் அந்தக் கிளையின் மஞ்சள் துளிர் மட்டும் பச்சை பிடித்தால் இரும்பு உறுதி. மக்னீசியத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு வைத்து இதே சோதனை செய்யலாம். கருகிய பழைய இலை மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று எண்ணக் கூடாது. புதிதாக விரியும் இலையே சாட்சி.

இந்த அறிவு தனி வீடுகளுக்குள் முடங்கிக் கிடப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 முதல் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்திகளைக் குடியிருப்பாளர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை அனுப்பியது. நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே வேளாண்மைக்கு இருக்கும் நாட்டில் இவை பெரிய காரியங்கள். விதையும் பாத்தியும் கிடைத்த அளவுக்கு, செடி நோயுற்றால் கொண்டுபோய்க் காட்டும் இடமும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு சமூகத் தோட்டக் குழுவும் ஒரு மின்கடத்துதிறன் மானி, ஒரு பிஎச் மானி, ஒரு மண் வெப்பமானி, ஒரு கைவில்லை வைத்திருந்து, மாதம் ஒரு ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்தார் தொட்டியைத் தூக்கிவர விடலாம். செலவு அதிகமில்லை. நடைவழியில் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதிக்குள் எத்தனை தொட்டி வைக்கலாம் என்ற வழக்கும் அங்கேயே பேசித் தீரும்.

அதைவிட முக்கியமானது நம் செடிகளுக்கான படத்தொகுப்பு. கறிவேப்பிலை, முருங்கை, வெற்றிலை, பொன்னாங்கண்ணி, கங்கோங், பாண்டான், சில்லி பாடி, கலமான்சி: இவை இந்த வெப்பத்தில், இந்த நீரில், நார்க்கழிவுத் தொட்டியில் எப்படி நோயுறுகின்றன என்பதை, வேரின் படத்தையும் அன்றைய மண் வெப்பத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். வாலஸ் ஆப்பிளுக்குச் செய்ததை இங்கே யாரும் இந்தச் செடிகளுக்குச் செய்து முடிக்கவில்லை. ஒரு புளோக்கில் நான்கு பேர் சேர்ந்து, மேற்குப் பார்த்த நடைவழிக்கும் கிழக்குப் பார்த்ததற்கும் தனித்தனியாக, ஒரே விதையில் வளர்த்த மிளகாயைப் பருவக்காற்று மாதங்களிலும் ஏப்ரல், மே வெயிலிலும் படமெடுத்து வைத்தாலே முதல் பக்கங்கள் தயாராகிவிடும்.